காடு எரியும்போது வீடு எப்படிப் பற்றுகிறது?

2018 நவம்பர் 8 அன்று, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில் உள்ள பாரடைஸ் என்னும் ஊரின் பெரும்பகுதியைக் காட்டுத்தீ ஒரே பகலில் அழித்தது. ‘கேம்ப் ஃபயர்’ என்று பெயரிடப்பட்ட அத்தீயில் 85 பேர் உயிரிழந்தனர்; 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பின்னர் எடுக்கப்பட்ட படங்களில் ஒரு விந்தை தெரிந்தது: பல மனைகளில் வீடு நின்ற இடத்தில் சாம்பலே எஞ்சியிருக்க, சுற்றியிருந்த பைன் மரங்கள் பச்சை இலைகளுடன் நின்றன. காட்டிலிருந்து நெருப்புச் சுவர் ஒன்று வந்து வீட்டை விழுங்கியிருந்தால், இடையில் இருந்த மரங்கள் அல்லவா முதலில் கருகியிருக்க வேண்டும்?

இந்தப் புதிருக்கான விடையின் ஒரு பகுதி அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன், 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் நடந்த சோதனைத் தீக்களின்போது, காட்டின் விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். மர உச்சிகள் கொழுந்துவிட்டு எரிந்தபோதும், 10 மீட்டரில் இருந்த சுவர்களில் சிலவே பற்றின. 20, 30 மீட்டர்களில் இருந்தவற்றில் ஒன்றுகூடப் பற்றவில்லை. காரணம் எளிது. மரம் தீப்பிடிக்க, அதன் மேற்பரப்பு எரிவாயுக்களை வெளியிடும் அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்கு வெப்பத்தின் கடுமை மட்டும் போதாது, கால அளவும் தேவை. காட்டின் பெருந்தழல் ஓரிடத்தில் உச்சத்தில் நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிடமே என்பதால், சற்றுத் தள்ளியிருக்கும் சுவர் சூடாகி முடிப்பதற்குள் அது தணிந்துவிடுகிறது.

அப்படியானால் வீடுகளை எரிப்பது எது? பெரும்பாலும் கங்குகள். எரியும் மரப்பட்டைகளையும் பைன் காய்களையும் வெப்பக்காற்று மேலே தூக்க, பலத்த காற்று அவற்றை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டுபோய்ப் போடும். ஓலைக் கூரைகள் நெருங்கிய தெருவில் தீ எப்படித் தாவும் என்று கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ போட்ட வீட்டிலும் கங்குக்கு இடம் உண்டு: கூரை விளிம்பின் மழைநீர்த் தகரத்தில் தேங்கிய சருகு, மரத்திண்ணைப் பலகைகளின் இடுக்கு, பரணுக்குக் காற்று செல்ல வைத்த துளை. துளை வழியே நுழையும் கங்கு வீட்டை உள்ளிருந்தே எரிக்கத் தொடங்குவதால், வெளியே நிற்பவருக்கு நெடுநேரம் ஒன்றும் தெரியாது. அத்துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை பொருத்தச் சொல்வது இதனால்தான். பிளாஸ்டிக் வலை உருகிவிடும். காற்று சருகைச் சுழற்றி எந்த மூலையில் குவிக்கிறதோ, பெரும்பாலும் அதே மூலையில்தான் கங்குகளையும் குவிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காற்று வீசும் நாளில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தால், அதன் பலவீனமான இடங்களைச் சருகே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே காட்டை வெட்டித் தள்ளுவதைவிடச் சுவரை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டர் முக்கியமானது. அங்கே சரளைக்கல்லோ சிமென்ட் தளமோ இருக்கலாம். விறகு அடுக்கு, புதர், ஈரம் காக்கப் பரப்பிய மரப்பட்டைத் துண்டுகள் ஆகியவை கூடாது. சுவரில் வந்து முடியும் மரவேலி ஒரு திரியைப் போலத் தீயைக் கொண்டுவரும் என்பதால், அதன் கடைசித் துண்டை மட்டுமாவது உலோகத்தில் அமைப்பது நல்லது. அதற்கு அப்பால், கலிபோர்னியச் சட்டம் கேட்கும் 30 மீட்டர் வரை, மரங்களுக்கிடையே இடைவெளி விட்டு, தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால், தரைத்தீ உச்சிக்கு ஏற வழி குறையும். சரிவின் மேலே உள்ள வீட்டுக்கு இந்தத் தொலைவும் போதாது. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்களின் கணக்கு.

வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் மேற்சொன்ன ஒரு நிமிடக் கணக்கு பொருந்தாது. பற்றிய வீடு மணிக்கணக்கில் எரிவதால், பக்கத்து வீட்டின் சுவர் சூடாவதற்குத் தேவையான நேரம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியும், சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்திருக்க நடுப்பகுதி மட்டும் சூடாகி விரிவதால், வெடித்துக் கங்குக்கு வழிவிடுகிறது. பாரடைஸிலும் பல வீடுகளைப் பற்றவைத்தது காடு அன்று, எரிந்துகொண்டிருந்த அடுத்த வீடே.