ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு முதல் எதிரி குளிர்

பிறந்த எடை 1,500 கிராமுக்குக் கீழே என்றதும் எல்லோரும் நுரையீரலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கிருமித்தொற்று, மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழற்சி என்று மற்ற ஆபத்துகளும் உண்டு. ஆனால் பிரசவ அறையிலேயே, பெரிய செலவில்லாமல் தடுக்கக்கூடிய ஒன்று உடல் குளிர்ந்துபோவது. அதைத்தான் அதிகம் கோட்டை விடுகிறோம்.

இந்தக் குழந்தையின் தோல் மெல்லிசு. ஈரம் அதன் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. உடல் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், சூட்டை மீட்க ஆக்சிஜனும் சர்க்கரையும் மளமளவென்று செலவாகும். ரத்தத்தில் அமிலம் ஏறும். ஏற்கெனவே திணறும் நுரையீரல் இன்னும் திணறும். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வார்டுக்கு வரும்போது குறைந்திருந்த ஒவ்வொரு டிகிரிக்கும் இறப்பு வாய்ப்பு 28 சதவீதம் கூடியிருந்தது.

பிரசவ அறை 25 டிகிரியாவது இருக்கட்டும். ஏசி, மின்விசிறி வேண்டாம். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர் கருவி முன்கூட்டியே சூடேறியிருக்க வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறந்தால் உடம்பைத் துடைக்காமலே கழுத்துவரை சுத்தமான பாலித்தீன் பைக்குள் வைத்து, தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போடுங்கள். எடை பார்க்கப் பையைப் பிரிப்பதும், நனைந்த தொப்பியை மாற்றாமல் விடுவதும்தான் வழக்கமான தவறுகள். உடல் சூடு 37.5 டிகிரியைத் தாண்டினாலும் ஆபத்துதான். வெப்பநிலையை அளந்துகொண்டே இருங்கள்.

வீட்டார் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். வயிறு கதகதப்பாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லென்று இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. வெந்நீர் பாட்டிலை அருகில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டும்.

தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவால் முடியாதபோது அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளட்டும்.

34 வாரத்துக்கு முன் பிரசவ வலி வந்தால், டெக்ஸாமெதசோன் 6 மி.கி. ஊசியை 12 மணிக்கொருமுறை, நான்கு தடவை தாய்க்குப் போடுவார்கள். குழந்தையின் நுரையீரல் முதிரும். முதல் ஊசியைப் போட்டுவிட்டு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குத் தாயை அனுப்புங்கள். பிறந்தபின் ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் வழியிலும் சூடு போகும்.