பங்களா என்றால் எந்த வீடு?

இலங்கையில் விடுமுறைக்குத் தங்க வாடகை வீடு தேடினால் அடிக்கடி கண்ணில் படும் சொல் பங்களா. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் எஸ்டேட் பங்களா, யால காட்டுக்குள் சர்க்கியூட் பங்களா, தெற்குக் கரையில் பீச் பங்களா. தமிழில் பங்களா என்றதும் காம்பவுண்டுச் சுவரும் போர்டிகோவும் மாடியுமாக ஒரு பணக்கார வீடுதான் மனதில் வரும். அந்த நினைப்பில் கடற்கரை பங்களாவுக்கு முன்பணம் கட்டினால், அங்கே ஓர் அறையும் ஒரு சின்னத் திண்ணையும் உள்ள ஓலைக்குடில் நிற்கலாம். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. சொல்லின் பழைய பொருளுக்கு அந்தக் குடில்தான் நெருங்கிய சொந்தம்.

இந்துஸ்தானியில் ‘பங்ளா’ என்றால் வங்காளத்துக்குரியது என்று பொருள். வங்கத்துக் கிராமத்தார் மூங்கிலை வளைத்துக் கூரை கட்டி வைக்கோலோ ஓலையோ வேய்ந்தார்கள். இறவாரம் இரு பக்கமும் வில்லாகத் தாழ்ந்திருக்கும், கொட்டுகிற மழை தங்காமல் வடியும். முகலாயருக்கு அந்த வளைவு பிடித்துப்போய், ஆக்ரா கோட்டையில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அதே பாணிக் கூரையை எழுப்பினார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி வங்கத்தில் தன் கப்பலாட்களுக்குப் போட்ட வெறும் குடிசைகளுக்கும் இந்தப் பெயர்தான். அப்புறம் வெள்ளை அதிகாரிகள் இதே அமைப்பைப் பெரிதாக்கிக்கொண்டார்கள்: தனியாக நிற்கும் ஒற்றைத்தள வீடு, சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் அறைகள். 1870ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் கடலோரத்தில் எழுந்த விடுமுறை வீடுகளுக்கும் இந்தப் பெயர் போனது. ஆக, பீச் பங்களா நேற்று முளைத்த விளம்பரச் சொல் இல்லை.

இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான பொருளும் உண்டு. அதை அறிந்தவர்கள் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்தில் மேட்டில் இருப்பது தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களா, சற்றுத் தள்ளி அவருடைய உதவியாளரான சின்னத் துரையின் பங்களா, கீழே தொழிலாளர்களின் லயம் என்னும் வரிசை வீடுகள். பங்களாவில் தாழ்வாரமே அகலமாக ஓடும். லயத்தில் ஒரு காம்பராவுக்குள், அதாவது ஒரே அறைக்குள், ஒரு குடும்பமே அடங்க வேண்டும். இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி உள்ளதைப் போன்ற பழைய துரை பங்களாக்கள் பயணிகளுக்கு விடப்படுகின்றன. ரோஜாத் தோட்டம், கணப்பு, கூப்பிட்டால் தேநீர் எல்லாம் கிடைக்கும். தமிழ்ப் பொருளில் பங்களா என்று தயங்காமல் சொல்லக்கூடியவை இவைதான். கட்டணமும் அப்படியே.

சர்க்கியூட் பங்களா வேறு ரகம். சுற்றிப் பார்வையிட வரும் அதிகாரி இரவு தங்கக் கட்டியது. யால, வில்பத்து போன்ற காடுகளுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு இப்படி பங்களாக்கள் உண்டு. பொதுமக்களும் முன்பதிவு செய்யலாம். தனி அறையாகத் தர மாட்டார்கள், வீடு முழுவதையும் எடுக்க வேண்டும். அரிசி, பருப்பு முதல் விரிப்பு வரை நாமே கொண்டுபோவதுதான் வழக்கம். சமைத்துத் தரக் காவலாள் இருப்பார். ஹோட்டல் வசதியை எதிர்பார்த்துக் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கடற்கரையைப் பொறுத்தவரை பெயரைவிடப் பருவம் முக்கியம். தெற்கே மிரிஸ்ஸ பக்கம் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை, கிழக்கே அறுகம்பை, திருகோணமலை என்றால் மே முதல் செப்டம்பர் வரை. மாற்றிப் போனால் பங்களா பெரிதோ சிறிதோ, கடல் காலை நனைக்கக்கூட விடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ்ப் பட்டியல்களில் பங்களாவுக்கு ‘வளமனை’ என்று இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் வளமான வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஓலைக்குடிலை வளமனை என்று எழுதினால் பழைய குழப்பம் தனித்தமிழில் தொடரும். தமிழ்நாட்டு அரசுப் பலகைகளில் டிராவலர்ஸ் பங்களா ‘பயணியர் மாளிகை’ ஆனது; அந்த ‘மாளிகை’யும் கொஞ்சம் அதிகப்படி.

இலங்கைத் தமிழில் இதைவிட நல்ல சொல் ஒன்று புழக்கத்திலேயே இருக்கிறது: வாடி வீடு. ஊர் ஊராக இருந்த அரசு ஓய்வு விடுதிகளுக்கு அங்கே அதுதான் பெயர். வாடி என்றால் அடைப்பு, தற்காலிகக் கொட்டகை. மீனவர் கரையில் போடும் மீன்வாடி, நம்மூர் விறகுவாடி, மரவாடி, ஜல்லிக்கட்டு வாடிவாசல் எல்லாம் அதே சொல். வடமொழி ‘வாடீ’யோடு அதற்கு உறவு சொல்லும் அகராதிகள் உண்டு, அதற்காகத் தள்ளிவைக்கத் தேவையில்லை. வந்து தங்கிப் போகும் இடம் என்ற பொருள் அதில் தானாகவே வந்துவிடுகிறது.

என் கணக்கில், விடுமுறைக்கு எடுக்கும் வீட்டுக்குப் பொதுப்பெயர் வாடி வீடு. கடற்கரையில் தனித்தனியாக நிற்பவை குடில்கள். துரை பங்களாவை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அதன் வரலாறு ‘வளமனை’யில் வராது. இணையத்தில் தேடும்போது மட்டும் ‘பங்களா’ என்றே போடுங்கள், பிறகு எத்தனை அறை, சமையல் யார், வீடு முழுவதுமா என்று கேளுங்கள்.