பிந்தைய பேரழிவா, ஊழிக்குப் பிந்தையதா?

திருப்பூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறார்கள். போன மாதம் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்', உலகம் அழிந்தபின் பாலைவனத்தில் நடக்கும் ஆங்கிலப் படம். வாசலில் கொடுத்த துண்டுத்தாளில் 'பிந்தைய பேரழிவு அறிவியல் புனைகதைத் திரைப்படம்' என்று அச்சிட்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த பெரியவர், நொய்யல் கரையில் விவசாயம் பார்த்தவர், அதை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தாள் கொடுத்த பையனிடம் கேட்டார். "ஏனுங் தம்பி, பிந்தைய பேரழிவுன்னா ரெண்டாவதா வந்த அழிவுங்களா? அப்ப மொத அழிவு எதுங்க?"

பையனிடம் பதில் இல்லை. பெரியவர் தமிழ் தெரிந்து கேட்ட கேள்வி அது. தவறு முழுக்கத் தாளில் இருக்கிறது. இந்தத் தொடரை நான் பார்ப்பது முதல் முறையும் அல்ல. ஓடிடி தளங்களின் படக் குறிப்பில், யூடியூப் விமர்சனத்தில், கல்லூரிக் கருத்தரங்க அழைப்பிதழில் என்று நாலைந்து வருடமாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்டதும், இனிச் சும்மா இருக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது.

மூலச்சொல் 'போஸ்ட் அபோகலிப்டிக்'. அபோகலிப்ஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'அப்போ' என்றால் விலக்கி, 'கலூப்தேன்' என்றால் மூடுதல். ஆகவே மூடியதை விலக்குதல், வெளிப்படுத்துதல். விவிலியத்தின் கடைசி நூலுக்கு அதுதான் பெயர். தமிழில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும் 'திருவெளிப்பாடு' என்றும் சரியாகவே பெயர்த்திருக்கிறார்கள். அந்த நூல் உலக முடிவைப் பேசுவதால், நாளடைவில் உலக முடிவுக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. போஸ்ட் என்றால் பின். சொல் வரலாறு இவ்வளவுதான்.

இனிமேல்தான் வழக்கே. 'பிந்தைய' என்பது பெயரெச்சம் போல அடுத்த சொல்லைத் தழுவி நிற்கும். 'பிந்தைய பதிப்பு' என்றால் பின்னால் வந்த பதிப்பு. 'பிந்தைய சோழர்கள்' என்றால் பின்னால் ஆண்ட சோழர்கள். அதே கணக்கில் 'பிந்தைய பேரழிவு' என்றால் பின்னால் வந்த பேரழிவு. பெரியவர் கேட்டது நூற்றுக்கு நூறு இலக்கணம். ஆங்கிலத்தில் போஸ்ட் முன்னால் ஒட்டும். தமிழில் பின் என்பது பின்னால்தான் வரும், அதுவும் நான்காம் வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு வரும்: போருக்குப் பின், மழைக்குப் பின், அவர் போனதற்குப் பின். இந்தக் 'குப்' போனால் பொருளே தலைகீழாகிறது. 'போருக்குப் பிந்தைய இலக்கியம்' வேறு, 'பிந்தைய போர் இலக்கியம்' வேறு.

இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ் வெளியீடுகளைப் புரட்டினால் 'அறுவடை பின்சார் தொழில்நுட்பம்' என்று இருக்கும். யாரும் 'பிந்தைய அறுவடை' என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நம் விவசாயி அதை இரண்டாம் போக அறுவடை என்றுதான் எடுத்துக்கொள்வார். போஸ்ட்மார்ட்டத்துக்குப் 'பிணக்கூறாய்வு' என்று சொல் செய்தவர்களும் அங்கே நடப்பது என்ன என்று பார்த்துத்தான் செய்தார்கள். போஸ்ட்டுக்குப் பிந்தைய, மார்ட்டத்துக்கு மரணம் என்று அகராதியை வைத்து ஒட்டுப் போடவில்லை.

பேச்சு வழக்கைப் பாருங்கள். எங்கள் ஆத்தா ஊர்க்கதை சொல்லும்போது "தாது வருசத்துக்கு அப்புறந்தான் நம்ம பாட்டன் இந்தக் காட்டுக்கு வந்தது" என்பார். 1876-77 தாது ஆண்டு. அந்தப் பஞ்சத்தில் கொங்கு நாட்டில் எத்தனையோ ஊர்கள் காலியாயின. மிஞ்சியவர்களுக்குக் காலக்கணக்கே இரண்டாகப் பிரிந்தது: பஞ்சத்துக்கு முன்னால், பஞ்சத்துக்கு அப்புறம். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தா இந்த 'அப்புறத்தை' வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். படித்த நாம் அதைத் தூக்கி முன்னால் போடுகிறோம்.

சரி, வரிசையைத் திருத்திப் 'பேரழிவுக்குப் பிந்தைய' என்று எழுதினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், இலக்கணப்படி தவறில்லை. எனக்கு அதிலும் மனம் ஒப்பவில்லை. பேரழிவு என்ற சொல்லை நாம் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் 2004 சுனாமிக்கும் செலவழித்துவிட்டோம். 'பேரழிவு ஆயுதங்கள்' என்று செய்தித்தாளில் இருபது வருடமாக வாசிக்கிறோம். இன்று 'பேரழிவுக்குப் பிந்தைய' என்றதும் நினைவுக்கு வருவது நிவாரண முகாம், மறுவாழ்வுத் திட்டம், கணக்கெடுக்க வரும் வருவாய்த்துறை அதிகாரி. அதாவது கணக்கெடுக்க ஓர் அரசாங்கம் மிச்சம் இருக்கிறது. அபோகலிப்ஸில் அது இல்லை. தாசில்தார் இல்லை, கலெக்டர் இல்லை, கோர்ட் இல்லை. ஒரு மாவட்டம் அழிந்தால் பேரழிவு. மாவட்டம் என்ற ஏற்பாடே அழிந்தால் அதற்கு வேறு சொல் வேண்டும்.

'பிரளயம்' என்பார்கள் இன்னொரு சாரார். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, 'சினிமா' என்று கூசாமல் எழுதுகிறவன் நான். பிரளயம் என்றதும் வெள்ளம் வருகிறது, அதுதான் சிக்கல். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் மழைவெள்ளத்துக்கு அதுதான் அன்றாடச் சொல்லே. 2018 கேரள வெள்ளத்தின்போது பொள்ளாச்சிக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. ஒரு குவளைத் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் படத்தைப் 'பிரளயத்துக்குப் பிந்தைய படம்' என்று அறிமுகம் செய்தால் எப்படி இருக்கும்?

எனக்கே ஆசை காட்டிய சொல் ஒன்று உண்டு: பாலை. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து" நடுங்குதுயர் தரும்போது பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறார் இளங்கோ. பாலை பிறவியிலேயே பாலை இல்லை. நல்ல நிலம் கெட்டுப் பாலையாகிறது. அதற்கு முன் வரும் உவமை இன்னும் கூர்மை: அமைச்சரோடு அரசனும் முறைகோடியதால் ஆட்சிநலம் இழந்த நாட்டைப் போல, என்கிறார். வழிப்பறிக்கும் பாலைத்திணையில் ஆறலைகள்வர் இருக்கிறார்கள். இந்தப் படத்துக்கு அச்சில் வார்த்தது போல இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கதைகள் எல்லாம் மணலில் நடப்பதில்லை. பனி மூடிய உலகம் உண்டு, கடல் விழுங்கிய உலகம் உண்டு, ஆள் இல்லாமல் காடு மண்டிய நகரம் உண்டு. இவை எல்லாவற்றையும் பாலை என்றால் திணை தெரிந்தவர்கள் வருத்தப்படுவார்கள். மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

ஆக என் சொல் 'ஊழி'. 'ஊழ்' என்றால் முறை. முறை முறையாக வந்துபோகும் நெடுங்காலம் ஊழி, அது முடியும் முடிவும் ஊழி. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் கீரந்தையார், மண்ணும் பாழ்பட்டு ஊழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிவதைச் சொல்கிறார். வானத்தின் ஊழி, காற்றின் ஊழி, "செந்தீச் சுடரிய ஊழி", மழை பெய்த ஊழி, பிறகு வெள்ளத்துக்குள் கிடந்து மீண்டும் எழும் நிலத்தின் ஊழி. அழிவும், அதற்கப்புறம் என்ன மிஞ்சுகிறது என்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. "ஊழி பெயரினும்" தாம் பெயராதவர் சான்றோர் என்பது குறள். மார்கழி விடியலில் நம் பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் "ஊழி முதல்வன் உருவம்போல் மெய்கறுத்து" என்று ஆண்டாள் பாட்டு கேட்கிறது. பாரதி 'ஊழிக்கூத்து' பாடினார். ஊழித்தீ, ஊழிக்காற்று, ஊழிவெள்ளம் என்று நெருப்போ காற்றோ நீரோ எதனோடும் சேரும். பிரளயத்தால் அது முடியாது.

ஊழி என்றால் ஊழியர் நினைவு வருகிறதே, ஊழ்வினை நினைவு வருகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். பத்து முறை சரியான இடத்தில் எழுதினால் அந்தக் குழப்பம் போய்விடும். ஊழியரையும் ஊழலையும் நாம் குழப்பிக்கொள்கிறோமா என்ன? 'ஊழிக்குப் பிந்தைய படம்' என்று எழுதலாம். வகைக்குப் பெயராக வேண்டுமானால் 'ஊழிப்பின் கதை'. கடினமாகப் பட்டால் 'உலகம் அழிந்தபின் நடக்கும் கதை' என்று நேராகவே சொல்லலாம், அதிலும் குறைவில்லை. எதைச் சொன்னாலும் பின் பின்னால் வர வேண்டும்.

அன்றைக்குப் படம் பார்த்தவர்கள் பேசியதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் மில்லர் இயக்கி 2015இல் வந்த படம். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பகுதியில்தான் எடுக்க நினைத்தார்கள். எதிர்பாராமல் நல்ல மழை பெய்து அந்த வறண்ட நிலம் பூத்துவிட்டது. அதனால் 2012இல் ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போனார்கள். இந்த வகைப் படம் என்றால் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும் என்பது வழக்கம். இதில் மணல் செக்கச்செவேல் என்று எரிகிறது, வானம் நீலமாய்க் கண்ணைக் குத்துகிறது. பத்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஆறு விருதுகள் கிடைத்தன. படத்தொகுப்புக்கு மார்கரெட் சிக்ஸலும், அரங்கம், உடை, ஒப்பனை, ஒலி சார்ந்தவர்களும் வாங்கினார்கள். உலகம் முழுக்க விமர்சகர்கள் கொண்டாடினார்கள். "போனாங்க, திரும்பி வந்தாங்க, இதுல கதை எங்கே" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு, எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. காடிலாக் காரின் மேல் இன்னொரு காடிலாக்கை ஏற்றிக் கட்டிய அந்த வண்டியை நிஜமாகவே செய்து ஓட்டினார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

நொய்யல் கரைப் பெரியவர் பார்த்தது வேறு. பாறை உச்சியிலிருந்து கொடுங்கோலன் மதகைத் திறந்து ஒரு நிமிடம் தண்ணீர் விட்டு மூடும் காட்சியில், "ஆழத்துல இருந்து எடுக்கறானுங்க. நாங்களும் ஆயிரம் அடி போட்டோம்" என்றார். அப்புறம், கதாநாயகி தேடிவந்த பசுமை நிலம் எது என்று தெரியவரும் இடம். காகங்கள் திரியும் அந்தச் சேற்றை அவர்கள் ஏற்கெனவே கடந்து வந்திருக்கிறார்கள். தண்ணீர் கெட்டது, மண் நஞ்சானது, ஒன்றும் விளையவில்லை என்கிறார்கள் அங்கிருந்து பிழைத்த பெண்கள். அவர்களில் ஒரு கிழவி விதைகளைப் பையில் வைத்துக் காத்துவருகிறாள். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. அவர் நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992இல் பாசனத்துக்குக் கட்டி முடித்த அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை அந்தத் தண்ணீர்தான். இப்படி ஒருவர் பார்க்க வந்த படத்துக்குத்தான் பொருளே மாறிப்போன ஒரு தொடரை அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் இருக்கிறது. இயந்திரம் போட்டுத் தந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் 'பிந்தைய பேரழிவு' நாக்கில் இடறியிருக்கும். அவசரம், கூலி குறைவு, எல்லாம் எனக்கும் தெரியும், நானும் சிலகாலம் படத்தின் அடியில் ஓடும் வசன வரி எழுதிப் பிழைத்தவன்தான். எட்டு எழுத்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வேற்றுமை உருபை வெட்டச் சொன்ன ஓர் இடத்தில் வேலையை விட்டும் வந்தேன். உருபு அலங்காரம் இல்லை. யார் யாரை அடித்தார்கள் என்பதையே அதுதான் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. மேட் மேக்ஸ் வரிசையின் எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஊழிக்குப் பிந்தைய' என்றும் போட்டுவிடக்கூடாது. 1979இல் வந்த முதல் படத்தில் போலீஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார்கள். எல்லாம் ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது, இன்னும் விழவில்லை. 1981இல் வந்த இரண்டாம் படத்தில்தான் அந்த உலகம் விழுந்திருக்கிறது. ஆகவே முதல் படத்தைப் போடும் மாதம் துண்டுத்தாளில் 'ஊழிக்கு முந்தைய' என்று போடுங்கள் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.