கொழும்பில் உணவகத்துக்கு மதுபான அனுமதி: கடையை எடுக்க முன்னம் இதைப் பாருங்கள்

மதுபான அனுமதி தருவது ராஜகிரியவில் உள்ள மதுவரித் திணைக்களம், சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பின்னணி இவ்வளவு போதும். ஆட்களைக் கவிழ்ப்பது எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்ற வரிசை. முற்பணம் கட்டி, சமையலறைக்கு டைல்ஸ் பதித்து முடிந்த பிறகுதான் "இந்த இடத்துக்குத் தர ஏலாது" என்ற பதில் வரும். வாடகை மாதாமாதம் ஓடும், பைல் ஓடாது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். பாடசாலைக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் கிட்ட இருக்கும் இடம் தள்ளுபடியாகலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோயிலோ தேவாலயமோ பள்ளிக்கூடமோ நிற்கும். "ரோட்டால சுத்தி அளந்தா சரி வரும்" என்று தரகர் சொல்வார். அளக்கப்போவது அவரில்லை. முகவரியையும் கேட்கும் அனுமதியின் வகையையும் எழுதி, எத்தனை மீற்றர், எங்கிருந்து எங்கே அளப்பீர்கள் என்று திணைக்களத்திடம் கேளுங்கள். பதில் கடிதமாகக் கைக்கு வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

அடுத்தது கட்டடம். ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய வீட்டை உணவகமாக்குகிறீர்கள் என்றால், மாநகர சபை அங்கீகரித்த வரைபடத்தில் "வதிவிடம்" என்று இருக்கக்கூடும். அப்படியென்றால் சாதாரண வியாபார அனுமதிக்கே சிக்கல். வரைபடத்தினதும் இணக்கச் சான்றிதழினதும் (வரைபடப்படிதான் கட்டியிருக்கிறது என்ற சான்று) பிரதியை வீட்டுக்காரரிடம் முதலிலேயே வாங்குங்கள். மதுபானம் பரிமாற அவர் சம்மதம் என்ற வரியும், அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தருவார் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அதிகம் பேர் மாட்டுவது பெயரிலும் இலக்கத்திலும். வியாபாரப் பதிவு கணவர் பெயரில், ஒப்பந்தம் மனைவி பெயரில். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, உறுதியில் வேறு எழுத்து. கட்டடத்தின் வரிப்பண இலக்கம் ஒரு கடிதத்தில் 12/1, இன்னொன்றில் 12A. இந்த ஒரு கோட்டுக்காகவே பைல் திரும்பி வரும், அதையும் ஒரேயடியாகச் சொல்லமாட்டார்கள். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

"குடும்ப உணவகம்" என்று ஒரு அனுமதி வகை கிடையாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் உணவகமாகப் பதிந்து, அவர்களின் சிபார்சோடு மதுவரிக்குப் போவதுதான் பழகிய வழி. எஃப்.எல். 4 என்ற அனுமதியைக் காட்டி ஆசை மூட்டுபவரை நம்பாதீர்கள். அது மூடிய போத்தலை வெளியே கொண்டுபோக விற்கும் கடைக்கானது, மேசையில் ஊற்ற உதவாது. இன்னொருவரின் அனுமதியை "வாடகைக்கு" எடுப்பதும் வேண்டாம். அனுமதி ஒரு ஆளுக்கும் ஒரு இடத்துக்கும் உரியது.

எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போவது என்பதையும் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்றால் கொழும்பு பிரதேச செயலகம். மாறிப் போனால் ஒரு நாள் வீண். பொலிஸ் அறிக்கையும் சுகாதார அறிக்கையும் "அனுப்பிட்டம்" என்று ஒரு கந்தோர் சொல்லும், "வரேல்ல" என்று மற்றது சொல்லும். அனுப்பிய கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை போடுவியுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. படிவம் சிங்களத்தில் மட்டுந்தான் என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பைல் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அது யார் மேசையில் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "மேலே குடுக்க வேணும்" என்று யாராவது சொன்னால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அரச பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் விற்றால் வழக்கு. உள்ள விண்ணப்பமும் அதோடு போகும்.

மகளையோ மனைவியையோ காசாளராக இருத்த முன்னம் அனுமதி நிபந்தனைகளை வாசியுங்கள். மதுபான இடங்களில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த 1979ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டை 2018 ஜனவரியில் நீக்கினார்கள், சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. போத்தல் படத்தோடு பேஸ்புக்கில் போடுவதும் விளம்பரம்தான், 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டப்படி குற்றம். போயா நாட்களிலும் ஒக்டோபர் 3ஆம் திகதியும் விற்பனை இல்லை.

அனுமதி டிசெம்பர் 31ஓடு முடியும். புதுப்பிக்க இறைவரித் திணைக்களத்தின் வரிச் சான்று வேண்டும், அதுவும் கந்தோர் அலைச்சல்தான். ஒக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.