ஒரே கொத்தில் பச்சையும் நீலமும்: புளூபெர்ரி பழுக்கும் விதம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியில், பைன் பேரன்ஸ் என்று அழைக்கப்படும் மணற்பாங்கான காட்டுப் பகுதியில் ஹேமன்டன் என்ற சிறு நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் குடும்பங்கள் நடத்தும் புளூபெர்ரிப் பண்ணைகள் சில, ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை, வருபவர்கள் தாங்களே பழம் பறித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. வாசலில் ஒரு வாளியைக் கொடுத்து, எந்த வரிசையில் பறிக்கலாம் என்று காட்டி அனுப்புவார்கள்; பறித்து வந்ததை எடைபோட்டு அதற்குரிய பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அனுப்பும்போது அவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று கவனத்திற்குரியது: நீலமாக இருப்பதையெல்லாம் பறிக்க வேண்டாம், கொத்தை உள்ளங்கையில் ஏந்திக் கட்டைவிரலால் மெல்ல உருட்டி, தானாகக் கழன்று விழுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எளிமையாகத் தோன்றும் இந்த அறிவுரையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தச் செடி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கொத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், அதில் கெட்டியான பச்சைக் காய்களும், வெளிறிய பச்சையில் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கியவையும், முழுக்க நீலமானவையும் ஒன்றாக நெருங்கியிருக்கும். நீலமாகிவிட்டதாகத் தோன்றும் பழத்தைத் திருப்பிக் காம்புப் பக்கம் பார்த்தால், சிலவற்றில் மெல்லிய சிவப்பு வளையம் எஞ்சியிருப்பது தெரியும். அந்த வளையம் இருக்கும் வரை பழம் முழுதாகப் பழுக்கவில்லை. ஒரு கொத்தின் பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். விதைகளின் எண்ணிக்கை இன்னொரு காரணம்: நன்றாக மகரந்தச் சேர்க்கை நடந்து நிறைய விதைகள் பிடித்த பழம் பெரிதாக வளர்வதோடு முன்னதாகவும் பழுக்கிறது; விதை குறைந்தது சிறுத்து, பின்தங்கிவிடுகிறது.

சிவப்பு வளையத்தை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? வாழையும் மாங்காயும் மரத்தில் இருக்கும்போதே மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பறித்த பிறகு அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால்தான் அவற்றை வீட்டில் வைத்துப் பழுக்கவிட முடிகிறது. புளூபெர்ரியிடம் அப்படிப்பட்ட சேமிப்பு கிடையாது. அதன் இனிப்பு முழுவதும் இலைகள் தயாரித்துக் காம்பு வழியே அனுப்பும் சர்க்கரை என்பதால், காம்பு அறுந்த நொடியிலேயே வரத்து நின்றுவிடுகிறது. சிவப்பாகப் பறித்த பழம் வீட்டில் நீலமாக மாறலாம், மென்மையாகவும் ஆகலாம், ஆனால் கூடுதலாக இனிக்காது. மாறாக, நீலமான பிறகும் சில நாட்கள் செடியிலேயே விட்டுவைத்தால் பழம் இன்னும் பருத்து இனிக்கிறது. பழுத்து முடிந்ததும் பழமும் காம்பும் சேரும் இடத்தில் இருக்கும் செல்களின் பிடி தளர்ந்துவிடும். கட்டைவிரல் உருட்டல் சோதிப்பது அந்தப் பிடியைத்தான். இழுத்துப் பிய்த்தால் அந்த இடத்தில் தோல் கிழிந்து சாறு கசியும், பூஞ்சை நுழையவும் வழி கிடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி பழத்தின் நிறத்தைப் பற்றியது. ஒரு பழத்தை விரல்களுக்கிடையே நசுக்கினால் வருவது அடர்சிவப்புச் சாறு, உள்ளே இருக்கும் சதையோ வெளிறிய பச்சை. தோலில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகளும் கருஞ்சிவப்பானவையே. அப்படியானால் நீலம் எங்கிருந்து வருகிறது? பழத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல் படிந்திருக்கும் மெழுகிலிருந்துதான். 2024இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே கொண்ட அந்த மெழுகுப் படலத்தில் ஒழுங்கின்றிக் கிடக்கும் நுண்ணிய படிகங்கள் நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் சிதறடிக்கின்றன. அடியில் இருக்கும் கருமையான தோல் மற்ற நிறங்களை உறிஞ்சிக்கொள்கிறது. மெழுகைப் பிரித்தெடுத்து வேறு பரப்பில் மீண்டும் படிகமாக்கியபோது அங்கும் நீலம் தோன்றியது. பறவைகள் பலவற்றால் புற ஊதா ஒளியைக் காண முடியும் என்பதால், விதைகளைப் பரப்பும் அவற்றின் கண்ணுக்கு இந்தப் பழம் நமக்குத் தெரிவதைவிட எடுப்பாகத் தெரியக்கூடும். பண்ணைகளில் செடிகளின் மேல் வலை விரிப்பதும் அதே பறவைகளைத் தடுக்கத்தான். மெழுகு, பழத்தின் நீர் ஆவியாகாமலும் காக்கிறது. ஆகவே பழத்தைத் துடைக்காமல், உண்ணும் நேரத்தில் மட்டும் கழுவுவதே முறை.

வசந்தத்தில் இந்தச் செடியில் தலைகீழாகத் தொங்கும் வெண்ணிறக் குடுவை வடிவப் பூக்கள் மலர்கின்றன. இவற்றின் மகரந்தப்பைகள் நெடுக வெடித்துத் திறப்பதில்லை. மிளகுத்தூள் குப்பியைப்போல் நுனியில் உள்ள சிறு துளை வழியேதான் மகரந்தம் உதிர வேண்டும். பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உலுக்கி எடுக்கிறது. பெட்டிகளில் வளர்க்கப்படும் சாதாரணத் தேனீயால் இவ்வாறு அதிர முடியாது. ஆயினும் எண்ணிக்கை மிகுதியால் அதன் உழைப்பும் பயன்படுவதால், பூக்கும் பருவத்தில் பண்ணையாளர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வைக்கிறார்கள்.

நியூ ஜெர்சியின் இந்த மணற்காடு புளூபெர்ரிக்குப் பிறப்பிடம் போன்றது என்றால் மிகையில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது காட்டில் பொறுக்கும் பழமாகவே இருந்தது. வளமான தோட்ட மண்ணில் நட்டவர்களின் செடிகள் வாடிப்போயின. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில், இச்செடிக்கு அமிலத்தன்மை மிக்க மண் தேவை என்பதைச் சோதனைகளால் நிறுவி 1910இல் வெளியிட்டார். மண்ணின் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும்) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மண்ணில் உள்ள இரும்பு கரையாமல் போய், இலைகள் நரம்புகளைத் தவிர மற்ற இடமெல்லாம் மஞ்சளித்துவிடுகின்றன. இதன் வேர்களில் வேர்த்தூவிகளும் இல்லை. வேர்ச் செல்களுக்குள் வாழும் பூஞ்சைகளே மக்கிய இலைதழைகளைச் சிதைத்துத் தழைச்சத்தைச் செடிக்கு எடுத்துக்கொடுக்கின்றன. புளூபெர்ரியின் வேக்சினியம் பேரினத்தைச் சேர்ந்த உறவுச் செடிகள் நம் நீலகிரிச் சோலைக்காடுகளிலும் அமில மண்ணில்தான் வளர்கின்றன.

தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிலின் அறிக்கையைப் படித்த எலிசபெத் ஒயிட், கிரான்பெர்ரி பயிரிட்டு வந்த தம் குடும்பத்தின் வைட்ஸ்பாக் நிலத்தை 1911இல் அவருடைய ஆய்வுக்கு வழங்க முன்வந்தார். அறிவியலாளரின் அறிவோடு காட்டுவாசிகளின் அறிவையும் அவர் சேர்த்ததுதான் என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் துளையிட்ட தகட்டை அப்பகுதி மக்களிடம் கொடுத்து, அத்துளைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடிகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிப் பணம் கொடுத்தார். கண்டுபிடித்தவரின் பெயரையே செடிக்கும் வைத்தார். அப்படிக் கிடைத்த ரூபல் என்ற இரகம் இன்றும் பயிரிடப்படுகிறது. இருவரின் உழைப்பில் விளைந்த முதல் விளைச்சல் 1916இல் விற்பனைக்கு வந்தது.

ஒரே கொத்தில் பழங்கள் முன்பின்னாகப் பழுப்பதால், ஒரு செடிக்குச் சில வாரங்களில் பலமுறை ஆள் வந்து பறிக்க வேண்டியிருக்கிறது. செடியை உலுக்கும் அறுவடை இயந்திரம் காயையும் சேர்த்தே உதிர்த்துவிடும். கூலியும் இயந்திரமும் செலவு வைக்கும் சிறு குடும்பப் பண்ணைக்கு, தேர்ந்து பறிக்கும் வேலையை வருபவரின் விரல்களிடமே ஒப்படைப்பது பொருத்தமான வழி. முந்திப் பழுக்கும் டியூக், நடுப்பருவத்து புளூகிராப், கடைசியில் வரும் எலியட் என்று இரகங்களைக் கலந்து நட்டு அவர்கள் பருவத்தை நீட்டிக்கொள்கிறார்கள்.

பறிக்க வருபவர்கள் கிளை நுனிகளை ஒடித்துவிடக் கூடாது என்று பண்ணையாளர்கள் கேட்டுக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. கோடை முடிந்து பகல் குறுகும்போது, இந்த ஆண்டு துளிர்த்த குச்சிகளின் நுனியில்தான் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் உருவாகின்றன. வடபகுதி இரகங்களில் அந்த மொட்டுகள் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் 800 முதல் 1,000 மணி நேரம் உறங்கிய பின்னரே வசந்தத்தில் ஒழுங்காக விழித்தெழும். ஒவ்வொரு மொட்டும் 5 முதல் 10 பூக்களைத் தரக்கூடியது என்பதால், ஒடிந்த ஒரு நுனியோடு வரும் ஆண்டின் கொத்து ஒன்று முழுதாகப் போய்விடுகிறது.