பழைய பாட்டில் இருந்தால் பழைய விஸ்கி ஆகிவிடாது

போன வாரம் குன்னூரில் தெரிந்தவர் ஒருவர் மப்ளரில் சுற்றிய பாட்டிலை என் மேசைமேல் வைத்தார். கோத்தகிரிப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவில் கிடைத்ததாம், 1930-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கியாம். ஒரு லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். இந்த ஆண்டில் என்னிடம் வந்த நான்காவது பாட்டில் இது. ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்று தேடி வருகிறார்கள், பணத்தைக் கொடுத்த பிறகு!

கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை லேபிள்மேல் காட்டினேன். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. இப்படி ஒளிர்வது, தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள். அது பரவலானது 1950-க்குப் பிறகுதான். (நல்ல ரூபாய் நோட்டுத் தாளில் அது கிடையாது.) ஓரத்தை ஈரப் பஞ்சால் ஒற்றினேன். லேபிளின் பழுப்பு பஞ்சில் வந்துவிட்டது. பழசாகக் காட்டப் பூசிய டீ டிகாஷனாகத்தான் இருக்க வேண்டும்.

"கண்ணாடி பழையதுதானே, சார்?" என்றார்.

பழையதுதான். எத்தனை முறை சொல்வது? காலிப் பாட்டிலை விலைக்கு வாங்கி நிரப்பி விற்கிறார்கள். பாட்டிலின் வயது உள்ளே இருப்பதன் வயது ஆகாது. தூசி சாட்சி ஆகாது, பங்களாக் கதையும் ஆகாது. அதோடு, விஸ்கி முதிர்வது மரப்பீப்பாயில் மட்டுமே. 12 ஆண்டு பீப்பாயில் இருந்ததைப் பாட்டிலில் அடைத்து 90 ஆண்டு பூட்டி வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான்.

உள்ளே இருப்பதன் காலத்தைக் காட்டுவது கார்பன்-14, அதாவது காற்றில் சிறிதளவு இருக்கும் கதிரியக்கக் கார்பன். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் அது ஏறக்குறைய இரு மடங்கானது. அதற்குப் பின் விளைந்த பார்லியிலும், அதிலிருந்து வடித்த சாராயத்திலும் அந்தத் தடம் உண்டு. 2017-இல் சுவிட்சர்லாந்து ஓட்டல் ஒன்றில் 1878-ஆம் ஆண்டு மக்காலன் (ஸ்காட்ச் விஸ்கிப் பெயர்) என்று ஒரு கிளாஸ் 9,999 பிராங்குக்கு விற்றார்கள். சோதித்தால் 1970-72 வாக்கில் வடித்தது! 2018-இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் சோதித்த 55 அரிய பாட்டில்களில் 21 போலி. 1880-ஆ, 1940-ஆ என்று கேட்டால் மட்டும் கார்பனால் திட்டமாகச் சொல்ல முடியாது.

விலை பேசும் முன் இதைக் கேளுங்கள். லேபிளில் 1930 என்றும் 750 மில்லி என்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அன்றைய பிரிட்டனில் அவுன்ஸ் கணக்கு. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது விற்பதே குற்றம், ஏமாந்தால் முறையிடுவதும் எளிதல்ல.

கிளம்பும்போது அவர், "ஒரு வாய் ருசி பார்க்கலாமா?" என்றார். பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்திருந்தால் நிறமும் வாசனையும் காட்டிக்கொடுக்காது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் எத்தனை வீடுகளில் ஒப்பாரி கேட்டோம். யார் நிரப்பியது என்று தெரியாததைத் தயவுசெய்து வாயில் வைக்காதீர்கள்.