பீரங்கி இல்லாம போன கப்பலும் நம்ம ஷிப்பிங் பில்லும்

ஏற்றுமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல குடுக்குற டிக்ளரேஷன்தான் ஷிப்பிங் பில், அதை ஃபைல் பண்றது என் வேலை. போன வாரமும் ஒரு போன். "சார், சாதாரண வால்வுதான், எண்ட் யூசர் இடத்துல ஏதாவது ஒரு பேரைப் போட்டு ஃபைல் பண்ணிருங்களேன்." எண்ட் யூசர்னா பொருளைக் கடைசியா யூஸ் பண்றவர். இந்த மாசம் இது மூணாவது. சண்டை எங்கயோ நடக்குது, நாங்க ஆபீஸ்ல உக்காந்து பில்லு தானே போடுறோம்னு வேற சொல்றாங்க.

அப்படிச் சொல்றவங்களுக்கு ஒரு பழைய கதை. இங்கிலாந்துல லிவர்பூல், ரம்ஃபோர்ட் பிளேஸ், 10ஆம் நம்பர். 1860கள்ல ஃப்ரேசர் ட்ரென்ஹோம்ங்கிற பஞ்சு கம்பெனியோட ஆபீஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தென் மாநிலங்களுக்கு ஐரோப்பாவுல பணம் புரட்டினது இங்க இருந்துதான், அவங்க கடற்படை ஏஜென்ட் ஜேம்ஸ் புல்லக் கப்பலுக்கு ஆர்டர் குடுத்ததும் இந்தப் பணத்துலதான். அந்த ஆபீஸ்ல ஒருத்தன்கூட துப்பாக்கி தூக்கல, எல்லாம் லெட்டரும் பில்லும்தான்!

எதிர்க்கரை பர்க்கன்ஹெட்ல லேர்டு கப்பல் கட்டுற யார்டுல 290ங்கிற நம்பர்ல, புல்லக் ஆர்டர் குடுத்த ஒரு கப்பல். 1862 ஜூலை 29, டிரயல் ரன்னு சொல்லி விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டு கிளம்புச்சு, அப்புறம் அவங்களை மட்டும் டக் போட்ல (இழுவைப் படகுல) திருப்பி அனுப்பிட்டு அது அப்படியே போயிருச்சு. லிவர்பூல்ல இருந்த அமெரிக்க (வட தரப்பு) கான்சல் டட்லி, கப்பலைத் தடுக்கச் சொல்லி சத்தியப் பிரமாணமெல்லாம் வாங்கிக் குடுத்திருந்தார், ஆனா ஃபைல் போய்ச் சேர்ந்த அரசு வக்கீல் உடம்பு முடியாம கிடந்ததால அங்கயே தூங்கிருச்சு (அப்பவும் அப்படித்தான்).

இங்கதான் எனக்கு கோவமே. "கப்பல்ல ஆயுதமே இல்லையே"ன்னு கப்பலை வாங்கின தரப்பும் சொன்னாங்க. உண்மைதான், பீரங்கி வேற கப்பல்ல போய் அசோர்ஸ் தீவு பக்கம் ஏறுச்சு. கப்பல் தனி, பீரங்கி தனி, பேப்பர் ரெண்டும் சுத்தம். அதுக்கப்புறம் அது 'அலபாமா'ங்கிற பேர்ல 60க்கு மேல வணிகக் கப்பலைப் பிடிச்சுது. கப்பலைத் தடுக்காம விட்டதுக்கு 1872 ஜெனீவா நடுவர் தீர்ப்புப்படி பிரிட்டன் அமெரிக்காவுக்குக் கட்டினது 1.55 கோடி டாலர். ஃப்ரேசர் ட்ரென்ஹோம் கம்பெனி அதுக்கு முன்னாடியே திவால். பாகம் பாகமா பிரிச்சு அனுப்பினா பிரச்சனை இல்லைன்னு இன்னிக்கும் என்கிட்ட வந்து நிக்கிறீங்களே, 160 வருஷப் பழைய ட்ரிக் அது!

தயவுசெஞ்சு, ஆர்டர் எடுக்கும்போதே ஸ்கோமெட் லிஸ்ட்டை (ஆயுதத்துக்கும் பயன்படலாம்னு இந்தியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துற பொருள்களோட பட்டியல்) பாருங்க. சில வகை பம்ப்பு, வால்வுகூட அதுல இருக்கு, எந்த மெட்டீரியல்ங்கிறதைப் பொறுத்து. வாங்குறவன் யாரு, கடைசியா யூஸ் பண்றவன் யாருன்னு எழுத்துல வாங்குங்க. டிரேடிங் கம்பெனி பேரை எண்ட் யூசர்னு எழுதாதீங்க. சந்தேகம் வந்தா டிஜிஎஃப்டிகிட்ட (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) கேளுங்க, கன்டெய்னர் துறைமுக வாசலுக்குள்ள போனப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க.

அந்த வால்வு பார்ட்டிகிட்ட டேட்டாஷீட் கேட்டு நாலு நாளாச்சு, இன்னும் வரல.